சிறைச்சாலையில் மனநலச் சிகிச்சையாளர்: ஓர் அறிமுகம்

முன்னுரை

மணிமேகலைக் காப்பியத்தின் பத்தொன்பதாவது காதைக்குச் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்று பெயர். அமுதசுரபியை ஏந்திச் சிறைக்குள் செல்லும் மணிமேகலை அங்குள்ளோரின் பசியைத் தீர்க்கிறாள். செய்தியறிந்த சோழ மன்னன், ‘என்ன வேண்டும்?’ என்று கேட்க, அச்சிறையை அறம் நிகழும் இடமாக மாற்றித் தரும்படி வேண்டுகிறாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன எனக்கு, அங்குத் தமிழ் இலக்கியம் படிக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் நம் கழகத்தின் நூலலமாரியிலிருந்து எடுத்து இக்காதையைப் படித்தேன்.

நான் ஆலோசனை உளவியல் பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவி. சிறையில் பணியாற்றும் மனநலச் சிகிச்சையாளர் பற்றிச் சென்ற பருவத்தில் ஒரு பாடத்திற்காக ஆய்வு செய்தேன். வயிற்றுப் பசியோடு சிறைக்கு வருபவரை எளிதில் அடையாளம் காணலாம். மனநோயோடு வருபவரை யார் அடையாளம் காண்பது? இக்கேள்விக்கு நான் தேடிக் கண்ட விடைகளை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறையில் மனநோய் எவ்வளவு?

2002-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஃபாசெல், டேனெஷ் ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மேற்கத்திய நாடுகள் பன்னிரண்டில் நடந்த 62 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 23,000 கைதிகளின் நிலையை அவர்கள் கணக்கிட்டனர். ஆண் கைதிகளில் 3.7 விழுக்காட்டினருக்கும் பெண் கைதிகளில் 4 விழுக்காட்டினருக்கும் உண்மையுணர்வு சிதையும் கடும் மனநோய் இருந்தது. கடும் மனச்சோர்வு ஆண்களில் 10 விழுக்காட்டினரிடமும் பெண்களில் 12 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. இவை நம் நாட்டு எண்கள் அல்ல. ஆயினும் நூறு ஆண்கள் இருக்கும் ஒரு சிறைப்பகுதியை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பத்துப் பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு இருக்கக்கூடும் என்றால், அது சிறிய செய்தியன்று.

மனநோயுற்றவர்கள் சிறைக்கு வருகிறார்களா, அல்லது சிறைதான் மனநோயைத் தருகிறதா? இரண்டும் உண்டு. பென்ரோஸ் என்பவர் 1939-இல் பதினெட்டு ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு, மனநல மருத்துவமனைகளில் ஆட்கள் குறைவாக உள்ள நாடுகளில் சிறைகளில் ஆட்கள் மிகுதியாக உள்ளனர் என்று எழுதினார். இக்கருத்து இன்றும் விவாதத்திற்குரியது. ஆனால், வெளியில் சிகிச்சை பெறாதவர் ஏதோ ஒரு வாசல் வழியாக அரசாங்கத்தின் கைக்கு வந்து சேர்கிறார் என்பதை மறுப்பதற்கில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனநோயுள்ளவர் எல்லாரும் குற்றம் செய்பவர் அல்லர்; குற்றம் செய்தவர் எல்லாரும் மனநோயாளியும் அல்லர். இவ்விரண்டையும் பிரித்தறிவதே சிகிச்சையாளரின் முதல் வேலை.

மருத்துவமனையும் சிறையும்

1911-இல் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையை அறியாத மலேசியர் இல்லை. பள்ளியில் சற்று வேறுவிதமாக நடந்துகொள்ளும் பையனைப் பார்த்து, “நீ என்ன தஞ்சோங் ரம்புத்தானா?” என்று கேலி செய்வார்கள். இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. ‘பஹாகியா’ என்றால் மகிழ்ச்சி.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342-ஆவது பிரிவின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவர் சித்தசுவாதீனத்துடன் வழக்கை எதிர்கொள்ள இயலாதவர் என்ற ஐயம் எழுந்தால், நீதிமன்றம் அவரை இத்தகைய மருத்துவமனைக்கு அனுப்பி ஒரு மாதம்வரை கண்காணிக்கச் செய்யலாம். குற்றம் புரிந்த வேளையில் சித்தசுவாதீனம் இல்லாதிருந்தது என்பது தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவின்படி ஒரு தற்காப்பு வாதம்.

இப்பிரிவுகளுக்குள் வருவோர் சிலரே. மற்றவர்கள் தண்டனை பெற்றுச் சிறைக்கே வருகின்றனர். அவர்களுக்கு மனச்சோர்வு இருக்கலாம், பதற்றம் இருக்கலாம், போதைப்பழக்கம், தூக்கமின்மை, சிறுவயதில் பட்ட அடியின் நினைவு என ஏதேனும் இருக்கலாம். சிறைச் சிகிச்சையாளர் பெரும்பாலும் சந்திப்பது இவர்களைத்தான்.

யார் இந்தச் சிகிச்சையாளர்?

மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர். சோதித்து மதிப்பிட்டுப் பேச்சுவழிச் சிகிச்சை தருபவர் மருத்துவ உளவியலாளர். ஆலோசனை தருபவர் ஆலோசகர். நம் நாட்டில் ஆலோசகர் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் 2016-ஆம் ஆண்டு சுகாதாரத் துணைத்தொழில் சட்டத்திற்கு உட்பட்டவர்.

ஆலோசனைப் பணியைத் தமிழில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்றும் சொல்கிறோம். ஆற்றுப்படை நூல்களில், வள்ளலிடம் பரிசு பெற்ற பாணன் பரிசு பெறாத பாணனுக்கு வழி சொல்கிறான். தான் நடந்த வழியைத்தான் அவன் சொல்கிறான். சிறைச் சிகிச்சையாளரின் நிலை அப்படியன்று. எதிரில் அமர்ந்திருப்பவர் நடந்த வழியை இவர் நடந்ததில்லை. ஆகவே இங்கு வழி சொல்வதற்கு முன் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்றாடப் பணி

சிறைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் சில நாள்களே மிகவும் ஆபத்தானவை. ஹெராயின் பழக்கமுள்ளவர் அதை நிறுத்தியதும் வியர்வை, தசைவலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை ஆகியவற்றால் துன்புறுவார். இரண்டாம், மூன்றாம் நாளில் அது உச்சத்தை அடையும். உடல் வேதனையும் அவமானமும் ஒன்றுசேரும் வேளை அது. அதனால்தான் முதல் நேர்காணலிலேயே சில கேள்விகளைக் கேட்க வேண்டும். முன்பு சிகிச்சை பெற்றீர்களா? என்ன மருந்து உட்கொள்கிறீர்கள்? கடைசியாக எப்போது போதைப்பொருள் எடுத்தீர்கள்? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?

கடைசிக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகின்றனர். அது தவறான அச்சம். நேராகக் கேட்பது அவ்வெண்ணத்தை உண்டாக்குவதில்லை. மாறாக, பேசுவதற்கு ஒரு கதவைத் திறக்கிறது.

அடுத்து வருவது தொடர் சிகிச்சை. ஆரோன் பெக் 1960-களில் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையிலிருந்து வளர்ந்த முறை சிறைகளில் பெரிதும் பயன்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். சந்திப்பு நாளில் மனைவி வரவில்லை. ‘என்னை விட்டுப் போய்விட்டாள்’ என்று கணவன் எண்ணுகிறான். அவ்வெண்ணம் கோபமாகிறது, அன்று மாலை அறைத்தோழனோடு சண்டை, சண்டைக்குத் தண்டனையாக அடுத்த சந்திப்பும் பறிபோகிறது. இச்சங்கிலியை எண்ணத்திலேயே அறுக்க முடியுமா என்று சிகிச்சையாளர் பார்க்கிறார். அவள் வராததற்கு வேறு காரணங்கள் இருக்கலாம் அல்லவா? தொழிற்சாலையில் விடுப்புக் கிடைக்காமல் இருந்திருக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். பேருந்துக்குப் பணம் இல்லாமல் இருந்திருக்கலாம். கேட்பதற்கு எளிய பயிற்சிதான். ஆனால் கோபத்திலேயே வளர்ந்த ஒருவருக்கு அது புதிய மொழியைக் கற்பது போன்றது.

போதைப்பொருள் கைதிகளுக்காக நம் சிறைகளில் ‘தெராப்பி கொமுனிட்டி’ என்னும் குழு முறையும் நடத்தப்படுகிறது. அதில் கைதிகளே ஒருவருக்கொருவர் துணையாகவும் கண்டிப்பாளராகவும் இருப்பர்.

இரண்டு கடமைகள்

வெளியில் உள்ள சிகிச்சையாளருக்குக் கடமை ஒருவரிடம்தான். சிறையில் இருப்பவருக்கோ எதிரில் உள்ள மனிதரிடமும் கடமை உண்டு, சிறையின் பாதுகாப்பிடமும் கடமை உண்டு. ரகசியம் காப்பது தொழிலின் அடிப்படை. ஆனால் ஒருவர் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளப் போவதாகவோ, இன்னொருவரைத் தாக்கப் போவதாகவோ, தப்பிக்கத் திட்டமிட்டிருப்பதாகவோ சொன்னால் அதை மறைக்க இயலாது. எனவே எதைக் காப்பேன், எதைக் காக்க முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே, அவர் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பேசவிட்டுப் பின்னர் காட்டிக்கொடுப்பவரிடம் மறுபடி ஒருவரும் பேசமாட்டார். சிறையில் இச்செய்தி ஒரே நாளில் எல்லா அறைகளுக்கும் பரவிவிடும்.

2008-ஆம் ஆண்டு நம் நாட்டில் பரோல் முறை அறிமுகமானது. நன்னடத்தையால் முன்கூட்டியே வெளிவர வழி இருக்கும்போது, சிகிச்சை அறையில் திருந்தியவராக நடிக்கவும் தோன்றும். இதற்காக எல்லாரையும் சந்தேகிப்பதும் தவறு. எல்லாவற்றையும் நம்புவதும் தவறு.

சிறை அதிகாரிகளையும் மறக்கக்கூடாது. யார் உணவைத் தொடவில்லை, யார் இரவெல்லாம் விழித்திருக்கிறார் என்று முதலில் அறிபவர்கள் அவர்களே.

சிகிச்சையால் பயன் உண்டா?

1974-இல் அமெரிக்காவில் மார்ட்டின்சன் என்பவர் 231 ஆய்வுகளைப் பரிசீலித்து, மறுவாழ்வுத் திட்டங்கள் குற்றத்தைக் குறைப்பதற்குப் பெரிதாகச் சான்றில்லை என்று எழுதினார். ‘எதுவும் பயன் தராது’ என்ற முழக்கமாகவே அது பரவியது. 1979-இல் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஆனால் முழக்கம் பரவிய வேகத்தில் திருத்தம் பரவவில்லை. பின்னர் 1990-இல் ஆண்ட்ரூஸ், போண்டா, ஹோஜ் ஆகிய மூவரும் மூன்று விதிகளை முன்வைத்தனர். மீண்டும் குற்றம் புரியும் ஆபத்து அதிகம் உள்ளவருக்கே அதிகச் சிகிச்சை தர வேண்டும். குற்றத்திற்குக் காரணமான தேவைகளையே குறிவைக்க வேண்டும். கேட்பவரின் திறனுக்கும் பண்பாட்டிற்கும் ஏற்ற முறையில் தர வேண்டும்.

இம்மூன்றாவது விதியே என்னை நம் மொழியிடம் கொண்டுவந்து சேர்த்தது.

‘ஓகே, துவான்’

ஆறாம் ஆண்டில் என்னோடு படித்த ஒருவன் புகுமுக வகுப்பிற்குப் போய், படிவம் இரண்டோடு பள்ளியை நிறுத்திவிட்டான். பத்தொன்பது வயதில் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்று, இப்போது வெளியே வந்து லாரிப் பட்டறையில் வேலை செய்கிறான். ஆய்வுக்காக அவனிடம் பேசினேன்.

“கவுன்சலர்கிட்ட என்ன பேசுவ?” என்று கேட்டேன்.

“என்ன பேசுறது? ‘ஓகே, துவான்’னு சொல்லிட்டு வந்துருவேன். அவரு நல்லவருதான். ஆனா மனசுல உள்ளத மலாய்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியலலா” என்றான்.

படிவத்தில் மனச்சோர்வுக்குக் ‘கெமுருங்கான்’ என்ற மலாய்ச் சொல் இருந்ததாம். முருங்கைக்காய்தான் நினைவுக்கு வந்தது என்று சொல்லிச் சிரித்தான். ‘இல்லை’ என்று குறியிட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்த மாதங்களில் எப்படி இருந்தது என்று தமிழில் கேட்டேன். “நெஞ்சு அடச்ச மாதிரியே இருக்கும். எதுலயும் புடிப்பு இல்ல. சோறு எறங்காது. நாலு மணிக்கே முழிச்சிக்குவேன்” என்றான். நான் பாடநூலில் படித்த அறிகுறிகளை ஒவ்வொன்றாக அவன் அடுக்கினான்.

அவன் அம்மா அக்கம்பக்கத்தில், “மவன் சிங்கப்பூர்ல வேலை செய்றான்” என்று சொல்லி வந்தாராம். அப்படிச் சொல்லிவிட்ட பிறகு, சிறைக்குப் போய்ப் பார்ப்பதற்கும் ஒளிந்துதான் போக வேண்டும். ஒன்றரை ஆண்டில் இரண்டு முறை மட்டுமே வந்தார்.

தமிழருக்குத் தமிழரே சிகிச்சை தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல செவி எந்த இனத்தவரிடமும் இருக்கும். ஆனால், கடை வீதியில் பேசும் மலாய் வேறு, துயரத்தைச் சொல்லும் மலாய் வேறு. மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் அதைச் சக கைதியிடம் ஒப்படைக்கவும் கூடாது; ஒருவரின் ரகசியம் இன்னொருவரின் ஆயுதமாகிவிடும். ‘நெஞ்சு அடைக்கிறது’ என்றால் இதய நோயா, மனநோயா என்று கேட்டறியத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

மாறிவரும் சட்டம்

ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் ஏற்றுக்கொண்ட ‘மண்டேலா விதிகள்’, வெளியில் உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரமான மருத்துவம் கைதிக்கும் கிடைக்க வேண்டும் என்கின்றன. பதினைந்து நாள்களுக்கு மேல் தொடரும் தனிமைச்சிறையை அவை தடைசெய்கின்றன.

நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு இரண்டு பெரிய மாற்றங்கள் நிகழ்ந்தன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி, ஓராண்டுவரை சிறை விதிக்க இடமளித்த 309-ஆவது பிரிவு நீக்கப்பட்டது. கட்டாய மரண தண்டனையும் அதே ஆண்டில் அகற்றப்பட்டது. மரண தண்டனையோ இயற்கை மரணம்வரை சிறையோ பெற்றிருந்த ஏறத்தாழ ஆயிரம் பேர் தங்கள் தண்டனையை மறுஆய்வு செய்யக் கோரும் வாய்ப்பைப் பெற்றனர். அதன்வழி, பலரின் தண்டனை முப்பதாண்டு முதல் நாற்பதாண்டு வரையிலான சிறையாக மாறியது. தூக்குக்காகக் காத்திருந்தவர் இனி விடுதலையாகும் நாளை எண்ணத் தொடங்க வேண்டும். அந்நாளில் தாய் இருப்பாரா, பிள்ளைக்குத் தன்னை அடையாளம் தெரியுமா? அவரோடு அமர்ந்து இதைப் பேசப் போவது யார்?

முடிவுரை

அடுத்த பருவத்தில் வரும் தொழிற்பயிற்சிக்குச் சிறைத்துறையில் விண்ணப்பிக்க முடிவு செய்துள்ளேன். “ஜெயில்ல போய் உக்காரவாம்மா யூனிவர்சிட்டி போன?” என்று அம்மா கேட்டார். பெண் கைதிகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பேச ஆள் வேண்டும் என்றேன். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

நம் கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நாடகமும் கவியரங்கமும் நடத்துகிறோம், அவை நடக்கட்டும். அவற்றோடு, மனத்துயரை நம் மக்கள் எந்தெந்தச் சொற்களால் சொல்கிறார்கள் என்று திரட்டி, மலாய் விளக்கத்துடன் ஒரு சிறு கையேடு தயாரிப்போம். ஆலோசனைத்துறை விரிவுரையாளர்களிடம் காட்டித் திருத்தம் பெறலாம். தமிழ் தெரியாத ஆலோசகர் ஒருவர் அதைத் தம் மேசையில் வைத்திருந்தால்கூட, ‘ஓகே, துவான்’ என்று எழுந்து போகும் ஒருவரை இன்னும் ஐந்து நிமிடம் உட்காரவைக்க அது உதவும். சொற்களைத் திரட்டும் பணியில் சேர விரும்பும் தம்பி தங்கையர் கழக அறையில் என்னைச் சந்திக்கலாம்.