இழுவைப்பெட்டியில் ஏற்றத் தகுந்த பாரம்



கொழும்பில் வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனைச் சந்தையிலும் விலைபோகும் கத்தரிக்காயும் வெண்டிக்காயும் பெரும்பாலும் பேலியகொடை மொத்தச் சந்தை வழியாக லொறியில் வந்து சேர்கின்றன. ஆயினும் அவற்றின் பிரயாணம் லொறியில் தொடங்குவதில்லை. தோட்டத்திலிருந்து தார்த் தெரு வரையுள்ள முதலிரண்டு மைலை அவை உழவு இயந்திரத்தின் பின்னே கொளுவிய பெட்டியிலேயே கடக்கின்றன. நெல்மூடைகளும் அவ்வாறே. லொறிக்காரர் தம் வண்டி தாங்கும் பாரத்தை அறிவார். நாமோ பெட்டியில் இடமிருக்கும் வரை ஏற்றிப் பழகிவிட்டோம். பெட்டி கொள்ளும் பாரம் வேறு, இயந்திரம் இழுக்கும் பாரம் வேறு, இறக்கத்தில் நிறுத்தக்கூடிய பாரம் வேறு. இம்மூன்றினுள் எது குறைந்ததோ, அதுவே நீங்கள் ஏற்றத் தகுந்த பாரமாகும்.

முதலில் நிறையை அறிதல் வேண்டும். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. ஆறடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட பெட்டியில் பதினாறு அங்குல உயரத்துக்கு உலர்ந்த நெல்லைக் கொட்டினால் சுமார் 500 கிலோ வரும். அதே உயரத்துக்கு ஈரமணலைக் கொட்டினால் 1,400 கிலோவைத் தாண்டிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே பெட்டிதான். தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. ஆகவே ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஆயிரம் கிலோவாகும். தாங்கி அரைவாசி நிரம்பியிருந்தால் நீர் அலைந்து வண்டியை உலைக்கும் என்பதையும் மறவாதீர்கள். பெட்டியின் வெறும் நிறையையும் சாரதியின் நிறையையும் இவற்றோடு கூட்டுதல் அவசியம். அருகிலுள்ள நெல் ஆலையில் வண்டி நிறுக்கும் தராசு இருந்தால், வெறும் பெட்டியை ஒருமுறை நிறுத்து, அந்த எண்ணைப் பெட்டியின் பக்கத்தில் மையினால் எழுதி வைப்பது நன்று. கடற்கரைவாசிகள் படகை ஏற்றியிழுக்கும்போதும் கணக்கு இதுவே. படகை மட்டும் எண்ணி, எஞ்சின், எண்ணெய், நனைந்த வலை ஆகியவற்றை விட்டுவிடுவோர் பலர்.

இனி இழுக்கும் வலிமையைப் பார்ப்போம். “எனது இயந்திரம் பன்னிரண்டு குதிரைவலு” என்று சொல்வதால் மாத்திரம் பயனில்லை. சில்லுகள் நிலத்தைப் பற்றிக்கொள்ளாவிடின் குதிரைவலு சேற்றிலே சுழன்று வீணாகும். அப்பற்று, சில்லுகளின் மேல் அழுத்தும் நிறையைப் பொறுத்தது. உதாரணமாக, இரு சக்கர இயந்திரமொன்றின் நிறை 350 கிலோ என்றும், பெட்டியின் முன்பாரம் அதன்மேல் 100 கிலோ அழுத்துகிறது என்றும் கொள்வோம். காய்ந்த தரையில் அந்த 450 கிலோவில் பாதியளவு, அதாவது 225 கிலோ விசையுடன் அது இழுக்கலாம். ஈரப்புல்லிலும் களியிலும் 150 கிலோ விசையே கிடைத்தால் பெரிது.

பன்னிரண்டு நெல்மூடையும் சாரதியுமாகப் பெட்டி 1,000 கிலோ ஆகிறது என்க. சமமான தார்த் தெருவில் அதனை உருட்ட 20 அல்லது 30 கிலோ விசை போதும். ஆதலால்தான் பாரம் இலேசாகத் தோன்றுகிறது. அதே பெட்டி ஈரவயலில் 150 முதல் 200 கிலோ வரை கேட்கும். பத்தடி தூரத்துக்கு ஓரடி உயரும் ஏற்றமாயின், இயந்திரமும் பெட்டியுமான முழு நிறையில் பத்திலொரு பங்கு, ஏறக்குறைய 140 கிலோ, மேலதிகமாக வேண்டும். ஆகவே தெருவில் ஏற்றும் பாரத்தில் பாதியையே வயலிலிருந்து ஏற்றி, இருமுறை செல்வதே முறை. எண்ணெய்ச் செலவு சற்றுக் கூடும். கிளச்சும் கியரும் தேய்வதைக் கணக்கிட்டால் அது செலவே அன்று.

இறக்கம் ஏற்றத்தினும் கொடியது. ஏற்றத்தில் பாரம் மிகுந்தால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் அதே 140 கிலோ விசை பின்னிருந்து தள்ளும். இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010) 1950களில் உருவாக்கிய லாண்ட்மாஸ்டர், சிறு வயல்களை உழுவதற்கென்றே தோன்றியது. பாரம் இழுக்கும் வேலையை நாம் பின்னர் சுமத்தினோம். இவ்வகை இரு சக்கர இயந்திரங்கள் பலவற்றில் பிறேக் பெட்டியின் சில்லுகளில் மட்டுமே உண்டு. அது தேய்ந்திருந்தால் நிறுத்துவதற்கு வேறு வழியில்லை.

இன்னோர் அபாயமும் உளது. சமநிலத்தில் இடக்கைக் கிளச்சைப் பிடித்தால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் பாரம் தள்ளும்போது அதே கிளச்சைப் பிடித்தால், விசை அறுந்த இடச்சில்லு விரைந்தோட, வலச்சில்லு எஞ்சினால் தடைபட்டுப் பின்தங்கும். வண்டி எதிர்பாராத வலப்பக்கம் திரும்பிவிடும். புதிய சாரதிகள் வாய்க்காலுக்குள் போவது இவ்வாறே. இறக்கத்துக்கு முன்னரே சிறிய கியருக்கு மாற்றுக. இறங்கும்போது திருப்பும் கிளச்சுகளைத் தொடாது கைப்பிடியைத் தள்ளியே வளைக்க வேண்டும். கியரைக் கழற்றிவிட்டு இறங்குவது எக்காரணத்தாலும் கூடாது. வேகம் இருமடங்கானால் நிறுத்துவதற்கான வேலை நான்மடங்காகும்.

நாற்சக்கர இயந்திரம் வைத்திருப்போர் தெருவில் ஏறுமுன் இடவல பிறேக் மிதிகளை ஒன்றாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். பெட்டியைக் கீழுள்ள இழுவைச் சட்டத்திலேயே கொளுவுக. பின் அச்சுக்கு மேலே சங்கிலி கட்டி இழுத்தால் முன்சில்லுகள் எழும்பி, இயந்திரம் சாரதியின் மேலேயே மல்லாந்து கவிழக்கூடும்.

பாரத்தைப் பெட்டி அச்சுக்குச் சற்று முன்பக்கமாக வைத்தல் வேண்டும். முழு நிறையில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு கொளுவியின்மேல் அழுத்துவது தகும். பின்பாரம் கூடினால் கொளுவி மேலெழும்பி, சில்லுகளின் பற்றுக் குறையும். அரிவு வெட்டு முடிந்து மூடைகளின் மேல் ஆட்களை ஏற்றி வருவது நம்மிடையே சாதாரணம். ஆறு பேர் ஏறினால் 300 கிலோ கூடுவதோடு, பாரம் உயர்ந்து வண்டி வளைவில் சரியும். பெண்களும் சிறுவரும் அவ்வாறு அமர்ந்து வருவதை அனுமதியாதீர்கள். அவர்களை வேறாக அழைத்து வருக.

புதிய பெட்டியை வாங்கியவர்கள் முதலில் அரைப்பாரத்துடன் சிறிய இறக்கமொன்றில் நிறுத்திப் பார்ப்பது நலம். பிறேக் மாத்திரம் பிடித்த நிலையில் வண்டி அசையாது நின்றால் சிறிது சிறிதாகக் கூட்டலாம். நழுவினால் பாரத்தைக் குறைத்துப் பிறேக்கைச் சரிசெய்விக்க வேண்டும். இயந்திரத்தின் கைந்நூலில் இழுவைப் பாரம் குறிக்கப்பட்டிருப்பின் அதனை மீறலாகாது. கைந்நூல் இல்லாதோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் விசாரிக்கலாம். புறப்படுமுன் கொளுவி ஆணியையும் அதன் பூட்டூசியையும் கையால் தொட்டுப் பார்க்கவும். இருட்டிய பின் தெருவில் செல்ல நேர்ந்தால், பெட்டி இயந்திரத்தின் விளக்கை மறைக்குமாதலால், பெட்டியின் பின்புறத்தில் இரு மூலைகளிலும் ஒளி தெறிக்கும் சிவப்புத் தகடுகளைப் பொருத்துக.