விதைக்குக் காத்திராத வாழை

அன்புள்ள கயலுக்கு,

வாழைப்பழத்தில் விதை எங்கே போயிற்று என்று கேட்டிருந்தாய். ஒரு பூவன் பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார். நடுவில் மூன்று பிரிவுகளாகச் சிறு கரும்புள்ளிகள் தெரியும். விதையாகாமல் நின்றுபோன சூல்கள் அவை.

பூசணியில் மகரந்தம் சேராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். சேர்ந்து கருவுற்றால், வளரும் விதைகளிலிருந்து ஆக்சின், ஜிப்ரலின் போன்ற ஹார்மோன்கள் சுரந்து சூலகத்தைப் பருக்க வைக்கும். வாழையின் சூலகம் விதைக்குக் காத்திராமல் தானே பருக்கிறது. இதைத்தான் கருவுறாக்கனி என்கிறோம். 1936-இல் கஸ்டாஃப்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர், ஆக்சின் வகை வேதிப்பொருள்களைப் பூக்களில் இட்டு, மகரந்தமே இல்லாமல் தக்காளியைக் காய்க்க வைத்தார்.

சோழவந்தான் பக்கம் போனால் குலை தள்ளும் வாழையை நின்று கவனி. மடல் விரியும்போது முதல் சீப்புகளில் இருப்பவை பெண்பூக்கள். ஒவ்வொரு பூவின் அடியிலும் விரல்போல ஒரு பிஞ்சு அப்போதே இருக்கும். வண்டு வந்தாலும் வராவிட்டாலும் அது காயாகும்.

விதை பிடிக்காததற்குக் காரணம் வேறு. காட்டு வாழையில் பொதுவாக 22 குரோமோசோம்கள். பழம் நிறையக் கடினமான விதைகள். பூவன், ரஸ்தாளி, மொந்தனில் 33. அதாவது குரோமோசோம்களின் மூன்று தொகுதிகள்; அவை சரியாக இணைசேர்ந்து பிரிய முடியாததால், விதை பெரும்பாலும் உருவாவதே இல்லை.

ஆகவே பக்கக்கன்றை வெட்டித்தான் நடுகிறோம். கன்று தாயின் அச்சு அசல். ருசி மாறாது, நோயைத் தாங்காத குணமும் மாறாது. வாடிப்பட்டிக்கு வடக்கே தெரிகிறதே, அந்தச் சிறுமலையில் 1970-களில் முடிக்கொத்து நோய் மலைவாழைத் தோட்டங்களைப் பெருமளவு அழித்தது. இந்த நோயை உண்டாக்கும் வைரஸை அசுவினிப் பூச்சி பரப்பும். நோய்கண்ட தாயின் கன்றோடும் அந்த வைரஸ் போகும். பிறகு திசு வளர்ப்பில் நோயற்ற கன்றுகளை உருவாக்கி மீட்டெடுக்க முயன்றார்கள். 2008-இல் சிறுமலை மலைவாழைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நோயைத் தாங்கும் புது ரகம் வேண்டுமென்றால், பெரும்பாலும் விதை வைக்கும் காட்டு வாழைகளிடம்தான் போக வேண்டும். அவற்றோடு கலந்து புதிய குணங்களைப் பெற முடியும். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் காட்டு இனங்களையும் சேர்த்துப் பாதுகாப்பது இதற்காகத்தான். நீயும் வீட்டில் வாழை வைக்கும்போது, நோயில்லாத தாயிடமிருந்து குறுகிய இலை விட்ட ஈட்டிக்கன்றாகப் பார்த்து எடு. தின்ன உதவாத காட்டு வாழையைக் கண்டால், அதை வெட்ட விடாதே.

அன்புடன்,
உன் மாமா