தேகப்பயிற்சி ஆசானுக்குச் சம்பளம் கொடுப்பது இலாபமா?



சுங்கை சிப்புட்டில் துணிக்கடை நடத்தும் நம் அங்கத்தினர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் ஒரு விஷயம் கேட்டார். அவருக்கு வயது 46. இரத்தத்தில் சர்க்கரை, வியாதியின் எல்லைவரை வந்துவிட்டதென்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். அவருடைய மூத்த சகோதரர் அதே வியாதியால் ஒரு காலை இழந்தவர். "ஈப்போவில் ஒரு டிரெய்னர் மணிக்கு 100 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா, அல்லது வீண் செலவா?" என்பதே கேள்வி. பலருக்கும் பயன்படும் என்பதால் நம் பதிலை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை மனதில் கொள்வோம். இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற தம் தோழர் ஒருவரிடம், உடலுக்கும் அவர்மீது உரிமை உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அந்தத் தோழர் உடலை வருத்தியது வணக்கத்தில். நாமோ கல்லாப்பெட்டியின் முன் உட்கார்ந்தே உடலைக் கெடுத்துக்கொள்கிறோம். மலேசியாவில் 2023-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 100-க்கு ஏறத்தாழ 16 பேருக்கு நீரிழிவும், 29 பேருக்கு இரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. பாதிப்பேருக்கு மேல் அளவு மீறிய எடை உள்ளவர்கள்.

"நாள் முழுதும் கடையில் நிற்கிறோமே, அது போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். போதாது. நம் தகப்பனார்கள் அரிசி மூட்டையைத் தாமே தூக்கினார்கள். இன்று அதை வேலையாட்கள் தூக்குகிறார்கள். பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்கும்படி உடலை உழைக்க வைக்கவேண்டும், இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்திருக்கிறது. பேச முடியும், ஆனால் பாட முடியாது. அந்த வேகத்தில் தினம் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் நடந்தால் முதற்பகுதி நிறைவேறிவிடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். மணிக்கு 100 வெள்ளி, வாரம் இரு முறை என்றால் மாதம் 800 வெள்ளி. ஆண்டுக்கு 9,600 வெள்ளி. இந்தப் பணத்திற்கு நாம் வாங்கும் சரக்கு என்ன? இரண்டு. ஒன்று, கல்வி: எப்படிக் குனிவது, எப்படிப் பாரம் தூக்குவது, எங்கே தவறு செய்கிறோம் என்பது. மற்றொன்று, கண்டிப்பு: "ஏன் நேற்று வரவில்லை?" என்று கேட்க ஓர் ஆள். கல்வி சில வாரங்களில் கைவந்துவிடும். அதன்பின் மாதந்தோறும் நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கண்டிப்புக்குத்தான் போகிறது.

அந்தக் கண்டிப்பை விலைக்குத்தான் வாங்கவேண்டுமா? சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இரண்டு ஆராய்ச்சிகள் இதற்குப் பதில் தருகின்றன. 2006-இல் வெளியான முதலாவதில், நீரிழிவின் எல்லையில் நின்ற 531 பேர் பங்குகொண்டனர். உணவுக் கட்டுப்பாடும் தினசரி நடையும் பற்றித் தொடர்ந்து நினைவூட்டப்பட்டவர்களில் மூன்றாண்டுக்குள் 100-க்கு 39 பேருக்கு வியாதி வந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 பேருக்கு வந்தது. 2013-இல் வெளியான இரண்டாவதில், வேலைக்குப் போகும் 537 ஆண்கள். எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஒரே அறிவுரை. ஒரு சாராருக்கு மட்டும் கைத்தொலைபேசியில் அடிக்கடி செய்தி அனுப்பி நினைவூட்டினர். இரண்டாண்டில் செய்தி பெற்றவர்களில் 100-க்கு 18 பேருக்கும், பெறாதவர்களில் 27 பேருக்கும் வியாதி கண்டது. பக்கத்தில் நின்று பயிற்சி தரும் ஆசான் இரண்டிலும் இல்லை. இது பூரண காப்பு அல்ல; ஆயினும் விடாமல் நினைவூட்டும் ஒரு குரல் எவ்வளவு காரியம் செய்கிறதென்பதைக் கவனியுங்கள்.

ஆகவே ஆசானே வேண்டாம் என்கிறோமா? இல்லை. பாரம் தூக்கிப் பழகாதவரும், முன்பு பயிற்சி செய்து காயம்பட்டவரும் குறுகிய காலத்திற்கு ஓர் ஆசானை அமர்த்துவது நல்ல முதலீடு. நெஞ்சுவலி, மூட்டு நோய், பாத மரப்பு உள்ளவர்களும், இன்சுலின் போடுபவர்களும் முதலில் போகவேண்டிய இடம் கிளினிக். அதன் பிறகே ஆசான்.

அமர்த்துமுன் சரக்கைச் சோதியுங்கள். உங்கள் வியாதியையும் மருந்தையும் விசாரிக்காமல் முதல் நாளே பாரத்தைக் கையில் கொடுப்பவரை விட்டு விலகுங்கள். சத்துத் தூளும் மாத்திரையும் விற்க முனைபவரிடம் எச்சரிக்கையாயிருங்கள்; மாத்திரையானால் அரசாங்கப் பதிவு எண்ணும், எதுவானாலும் ஹலால் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓராண்டுப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்கவேண்டாம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. எத்தனை பாடம், வராத நாளுக்கு என்ன ஏற்பாடு என்பதை எழுதிக்கொள்ளுங்கள். நம் பெண்களுக்குப் பெண் ஆசிரியையே தகும்.

கேள்வி கேட்ட சகோதரருக்கு நாம் கூறியது இதுதான்: டாக்டரின் அனுமதியோடு எட்டுப் பாடம் மட்டும் எடுங்கள். 800 வெள்ளியோடு செலவு முடிந்தது. கற்றதை வீட்டில் வாரம் இரு நாள் செய்யுங்கள். நடைக்கு ஆசான் வேண்டாம். அடுத்த கடைக்காரரைக் கூட்டுச் சேருங்கள்.

நாமெல்லோரும் இதையே செய்யலாம். சுபுஹுக்குப் பின் வெளிச்சம் வந்ததும் இருவர் இருவராய், செருப்பை விட்டுச் சப்பாத்து அணிந்து, அரைமணி நடப்போம். ஒருவர் வராவிட்டால் மற்றவர் தொலைபேசியில் அழைத்து ஏனென்று கேட்கட்டும். கடன் பாக்கியை வசூலிக்க எத்தனை முறை ஆள் அனுப்புகிறோம்! ஒரு சகோதரரின் காலைக் காப்பாற்ற ஒருமுறை அழைப்பது பெரிதா?

அல்லாஹு தஆலா நம் அனைவருக்கும் ஆஃபியத்தையும் நீண்ட ஹயாத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.