ஒருசாலை மாணாக்கர்

நுழையும்முன்

பள்ளி என்பது கட்டடத்தால் மட்டும் ஆனதன்று. அங்குப் பயின்றோர், பயிற்றுவித்தோர் ஆகியோரின் உறவாலும் ஆனது. படிப்பு முடிந்தபின் அவ்வுறவு தானாக நிலைப்பதில்லை. அதனைப் பேணுவதற்கு உழைப்பு வேண்டும், நேர்மை வேண்டும், விடுபட்டவரைத் தேடிச் செல்லும் மனமும் வேண்டும். பள்ளி உறவு எவ்வாறு காக்கப்படுகிறது, அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பிரியும் நாள்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்தில் உள்ள சிற்றூர் மானாம்பதி. உழவை நம்பிய இத்தகைய ஊர்களின் பள்ளிக்குச் சுற்றுவட்டாரத்திலிருந்தும் மாணவர்கள் வந்து பயில்வர். சிலர் நடந்து வருவர். சிலர் மிதிவண்டியிலும் பேருந்திலும் வருவர். ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே கரும்பலகையைப் பார்த்து, ஓர் ஆசிரியரின் குரலைக் கேட்டு அவர்கள் வளர்வர்.

இறுதித் தேர்வு முடியும் நாளில் ஒருவர் குறிப்பேட்டில் மற்றொருவர் பெயரெழுதிக் கையொப்பமிடுவர். "மறந்துவிடாதே" என்று சொல்லிப் பிரிவர். அடுத்த சில திங்களிலேயே ஒருவர் சென்னைக் கல்லூரிக்குச் செல்வார். மற்றொருவர் ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலையில் பணியேற்பார். வேறொருவர் தந்தையுடன் வயலில் இறங்குவார். மணமாகி வேற்றூர் செல்வோரும் உண்டு. ஆசிரியர்களும் பணியிட மாறுதல் பெறுவர், ஓய்வு பெறுவர். பத்தாண்டுகள் கழிந்தபின், அன்று ஒரே வகுப்பறையில் இருந்தோரில் எத்தனை பேர் எங்கு உள்ளனர் என்று கேட்டால், விடை சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லாத நிலை ஏற்படுகிறது.

இப்பிரிவு இயல்பானதே. ஆயினும், பிரிவும் மறதியும் ஒன்றல்ல. பிரிவு காலத்தால் நேர்வது; மறதியோ கவனக்குறைவால் நேர்வது.

ஓர் உறவும் ஒரு காப்பியமும்

ஓர் ஆசிரியரிடம் உடன் பயின்றோரை 'ஒருசாலை மாணாக்கர்' என்று குறிப்பது தமிழ் மரபு. ஒரே காலத்தில் பயின்றோரை மட்டுமன்றி, ஓர் ஆசிரியர் வழிவந்த முன்னோரையும் பின்னோரையும் உறவினராகக் கருதும் வழக்கமும் நம் கல்வி மரபில் இருந்தது. அவ்வுறவு தமிழுக்கு அளித்த கொடையை உ.வே. சாமிநாதரின் வாழ்வில் காணலாம்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரனாரிடம் பயின்றவர்களுள் ஒருவர் தியாகராசர். இவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அதே மகாவித்துவானிடம் பிற்காலத்தில் பயின்றவர் உ.வே.சா. 1876ஆம் ஆண்டு ஆசிரியர் மறைந்தார். ஆசிரியர் மறைந்த பின்னும் மாணாக்கரிடையே நிலவிய உறவு மறையவில்லை. 1880ஆம் ஆண்டு தியாகராசர் பணியிலிருந்து விலக நேர்ந்தபோது, தம் இடத்திற்கு உ.வே.சா.வைப் பரிந்துரைத்தார். அதனால் உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர் ஆனார்.

அவ்வாண்டிலேயே கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி என்பாரைச் சந்திக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று இராமசாமியார் எழுப்பிய வினாவே உ.வே.சா.வைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பியது. 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. உடன்பயின்ற உறவால் கிடைத்த ஒரு பணியிடம், அழியும் நிலையிலிருந்த ஓலைச்சுவடிகள் நூலாவதற்கு வழிவகுத்தது.

உ.வே.சா. தம் ஆசிரியரை இறுதிவரை மறக்கவில்லை. அவர் மறைந்து 57 ஆண்டுகள் கழிந்தபின், 1933ஆம் ஆண்டிலும் 1934ஆம் ஆண்டிலும் மீனாட்சிசுந்தரனாரின் வரலாற்றை இரு பாகங்களாக வெளியிட்டார். ஓர் ஆசிரியர் எவ்வாறு கற்பித்தார், எவ்வாறு வாழ்ந்தார், எவ்வாறு வறுமையைத் தாங்கினார் என்பன மாணவரின் நினைவால் வரலாறாயின.

ஊரும் பள்ளியும்

உறவு பேணுதல் தனிமனிதர் அளவில் நின்றுவிடுவதில்லை. அது பள்ளிக்கும் பயன்பட வேண்டும். இதனைச் செயலில் காட்டியவர்களுள் ஒருவர் நெ.து. சுந்தரவடிவேலு. இவர் 1912ஆம் ஆண்டு காஞ்சிபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். சிற்றூரில் பிறந்து கல்வியால் உயர்ந்த அவர், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராகப் பணியாற்றினார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார். அவருடைய தன்வரலாற்று நூல் 'நினைவு அலைகள்' என்னும் பெயர் கொண்டது.

1958ஆம் ஆண்டு முதல் அவர் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கம் குறிப்பிடத்தக்கது. பள்ளிக்குத் தேவையானவற்றை ஊர் மக்களே பட்டியலிட்டனர். கட்டடம், இருக்கை, கரும்பலகை, குடிநீர் வசதி எனத் தேவைகள் பலவாக இருந்தன. அவரவர் தம்மால் இயன்றதை அளித்தனர். அரசின் நிதியோடு ஊராரின் பொறுப்பும் இணைந்தபோது பள்ளிகள் வளம் பெற்றன. அக்காலத்தில் பல சிற்றூர்களில் பள்ளிப்படிப்பை முடித்தோர் மிகச் சிலரே. எனவே, தாம் கற்காதவரும் தம் பிள்ளைகள் கற்பதற்காகப் பொருள் ஈந்தனர்.

இன்று நிலைமை மாறியுள்ளது. பள்ளியில் பயின்றவர் இல்லாத ஊர் இல்லை. அம்முன்னாள் மாணவரைப் பள்ளியோடு இணைக்கும் முயற்சிகளை அரசும் மேற்கொண்டுள்ளது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 19 அன்று தொடங்கப்பட்ட 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம், முன்னாள் மாணவர் உள்ளிட்டோர் அரசுப் பள்ளிகளுக்கு உதவ வழி செய்கிறது. 2024ஆம் ஆண்டு மறுகட்டமைப்புச் செய்யப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவருக்கும் இடம் அளிக்கப்பட்டது. நன்கொடை அளிப்பவராக மட்டுமன்றிப் பள்ளியின் நலனைக் கலந்து முடிவு செய்பவராகவும் முன்னாள் மாணவர் விளங்க இஃது உதவுகிறது.

ஊர் கலைந்தாலும்

பள்ளி இருக்கும் ஊரைவிட்டே மக்கள் பெயர நேர்ந்தால் இவ்வுறவு என்னவாகும்? இவ்வினாவுக்கு ஈழத்தமிழர் வாழ்வு விடை தருகிறது. யாழ்ப்பாணத்துப் பள்ளிகளில் 'பழைய மாணவர் சங்கம்' என்னும் அமைப்பு நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான மட்டைப்பந்துப் போட்டி 1904ஆம் ஆண்டு தொடங்கியது. 'வடக்கின் பெரும்போர்' என வழங்கும் அப்போட்டி, விளையாட்டாக மட்டும் அமையாமல் பழைய மாணவர் கூடும் விழாவாகவும் திகழ்கிறது.

உள்நாட்டுப் போரால் மக்கள் சிதறினர். 1995ஆம் ஆண்டு இறுதியில் யாழ்ப்பாண நகரையும் சுற்றுப்புறத்தையும் விட்டுப் பெருந்திரளானோர் ஒரே நேரத்தில் வெளியேறினர். இலண்டன், டொராண்டோ, சிட்னி முதலிய நகரங்களில் குடியேறியோர் தம் பள்ளிகளின் பெயரால் சங்கக் கிளைகளை அமைத்தனர். ஆண்டுதோறும் கூடினர், ஆசிரியரை நினைவுகூர்ந்தனர், தம் பள்ளிக்கும் அங்குப் பயில்வோருக்கும் உதவி அனுப்பினர். வீட்டையும் நிலத்தையும் இழந்தவர்க்கு, தாம் இன்ன ஊரினர் என்று சொல்லிக்கொள்ளப் பள்ளியின் பெயர் துணைநின்றது. கூடி வாழ்ந்த இடம் கைவிட்டுப் போனபோதும், கூடிப் பயின்ற நினைவு அவர்களைப் பிணைத்தது.

பெயர்ப்பட்டியல்

இத்தகைய உறவுகள் அன்பினால் மட்டும் நிலைத்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் யாரோ ஒருவர் பெயர்களைத் திரட்டியிருக்கிறார், முகவரிகளைத் திருத்தியிருக்கிறார், மடல் எழுதியிருக்கிறார். எனவே, உறவு பேணலின் முதற்கருவி பெயர்ப்பட்டியலே ஆகும்.

ஒவ்வொரு பள்ளியிலும் சேர்க்கை நீக்கல் பதிவேடு பேணப்படுகிறது. மாணவர் சேர்ந்த நாளும் நீங்கிய நாளும் அதில் இடம்பெறும். ஒரு வகுப்பில் பயின்றோர் யாவர் என்பதற்கு நினைவைவிட அதுவே உறுதியான சான்று. ஆயினும், அதிலுள்ளவை அன்றைய விவரங்களே. வீடு மாறியிருக்கலாம், தொலைபேசி எண் மாறியிருக்கலாம், பெற்றோர் மறைந்திருக்கலாம். மணமான பெண்களைத் தேடுவது மேலும் அரிது. அவர்களுடைய ஊர் மாறிவிடுகிறது. சிலருடைய பெயரின் பின்னொட்டும் மாறிவிடுகிறது. உறவினரையும் அண்டை வீட்டாரையும் கேட்டறிந்தே அவர்களைக் கண்டடைய இயலும்.

இந்நாளில் புலனக் குழு ஒன்றை ஒரு மணி நேரத்தில் தொடங்கிவிடலாம். எனினும், திறன்பேசி இல்லாதவர் அக்குழுவுக்கு வெளியிலேயே நிற்பர். வாழ்த்துகளும் படங்களும் மிகுந்து, இன்றியமையாத செய்தி அவற்றினிடையே புதைந்துவிடுவதும் உண்டு. ஒருவருடைய எண்ணை அவர் இசைவின்றிப் பிறர்க்கு அளிப்பது முறையாகாது. ஆகவே, குழு வேறு, பட்டியல் வேறு என்பதை உணர்தல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை சரிபார்க்கப்படும் பட்டியலே நாள்கடந்து நிலைக்கும். ஆசிரியரின் பெயர்களும் அதில் இடம்பெறுதல் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியரின் இல்லத்திற்கு ஆண்டுக்கொரு முறை ஒருவரேனும் சென்று நலம் வினவுதல், மேடையில் பொன்னாடை போர்த்துவதைவிட மேலானது.

யார் வரவில்லை?

முன்னாள் மாணவர் சந்திப்புகள் பல ஊர்களிலும் நடைபெறுகின்றன. அங்கு எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். வராதவர் யாவர், ஏன் வரவில்லை என்று எண்ணிப் பார்ப்பதே பயனுடையது.

எட்டாம் வகுப்பில் படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்றவர், தேர்வில் தவறியபின் பள்ளிப் பக்கம் வராதவர் ஆகியோருக்கு அழைப்பே செல்லாது. ஏனெனில், 'இந்த ஆண்டு தேர்ச்சி பெற்றோர்' என்றே பட்டியல் தொடங்குகிறது. வேறு சிலருக்கு அழைப்புச் செல்லும்; அவர்கள் தயங்கி நிற்பர். பங்களிப்புத் தொகையைச் செலுத்த இயலாமை ஒரு காரணம். "நீ என்ன செய்கிறாய்?" என்னும் வினாவை எதிர்கொள்ள அஞ்சுதல் மற்றொரு காரணம். பதவியும் வருவாயும் முதலிடம் பெறும் கூட்டத்தில், பழைய நண்பன் புதிய அந்நியனாகிறான்.

ஒரே பலகையில் அமர்ந்த நாளில் வேற்றுமை பாராட்டாத உறவு, இருபது ஆண்டுகளுக்குப்பின் வேற்றுமையை அளக்கும் கோலாகிவிடக் கூடாது. ஆகவே, தொகையை விருப்பத்திற்கு விடுதல், எளிய இடத்தில் கூடுதல், இடைநின்றவரையும் நேரில் சென்று அழைத்தல் ஆகியவை சிறு செயல்களாகத் தோன்றினும் அறச்செயல்களே. அவ்வாறு வருபவருள் ஒருவரின் மகளோ மகனோ இன்று படிப்பை நிறுத்தும் நிலையில் இருக்கலாம். அதனை உரிய காலத்தில் அறிந்து உதவக்கூடியவர்கள் பெற்றோருடன் பயின்றோரே.

கணக்கும் அறமும்

பொருள் திரட்டும் இடத்தில் கணக்கு வேண்டும். இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர்ச்சபை வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த நெறியை விளக்குகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவராயினர்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்நெறியில் நிலவுடைமை முதலிய வரையறைகளும் இருந்தன. அனைவருக்கும் இடம் இருந்ததில்லை. ஆயினும், பொதுப்பணத்திற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் அதன் கட்டளை இன்றும் பொருந்தும். பள்ளிக்கெனத் திரட்டிய தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதம் எவ்வளவு என்பதை அனைவரும் அறியச் செய்யும்போது நம்பிக்கை வளரும். கணக்கு மறைந்தால் நட்பும் மறையும்.

தெரிந்து தெளிவோம்

உத்திரமேரூர் வட்டாரத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு உள்ளது. கோயிலைச் சார்ந்து கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இயங்கியதை அது தெரிவிக்கிறது.

இன்றே தொடங்கும் பணி

பள்ளி உறவைப் பேணுதல், படிப்பு முடிந்தபின் செய்யும் பணி எனக் கருதப்படுகிறது. உண்மையில் அது வகுப்பறையிலேயே தொடங்குகிறது. சில நாள்களாக வராத மாணவரின் இல்லத்திற்குச் சென்று காரணம் கேட்பவரே, இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவரைத் தேடிச் செல்வார். உடன் பயில்வோரின் பெயரையும் ஊரையும் அறிந்தவரிடமே நாளைய பட்டியல் உருவாகும்.

வகுப்பு தொடங்கும்போது ஆசிரியர் பெயர்களை வாசிக்கிறார். ஒவ்வொருவரும் "உள்ளேன் ஐயா" என்றோ "உள்ளேன் அம்மா" என்றோ விடையளிக்கின்றனர். விடை வராத பெயரில் ஆசிரியரின் குரல் ஒரு நொடி நிற்கிறது. அந்த ஒரு நொடிக் கவலையை வாழ்நாள் முழுவதும் சுமப்பவர்களே ஒருசாலை மாணாக்கர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் முன்னர்ப் பயின்ற முதியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் காலத்து ஆசிரியர், வகுப்பறை, உடன்பயின்றோர் குறித்துக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் வகுப்பிலிருந்து இடையில் நின்றவர் எவரேனும் உளரா? அவர் மீண்டும் கல்வி பெற உதவும் வழிகளை ஆசிரியருடன் கலந்துரையாடுக.

3. 'முன்னாள் மாணவர் சந்திப்பில் அனைவருக்கும் இடம்' என்னும் தலைப்பில் ஓர் அழைப்பு மடல் வரைக.