வெற்றிடம் ஊமைதான், விண்கலம் ஊமையில்லை

விண்வெளியில் ஒலி பரவாது. ஆகவே விண்வெளி சிமுலேட்டரில் சத்தம் சேர்ப்பது அறிவியலுக்குச் செய்யும் துரோகம். இப்படி அடித்துப் பேசும் ரசிகர்கள் நிறைய. முதல் பாதி சரி. கோளாறு இரண்டாம் பாதியில்தான்.

ஒலி பரவ ஊடகம் வேண்டும். கலத்துக்கு வெளியே அது இல்லை. ஆனால் விமானி உட்கார்ந்திருப்பது காற்று நிரம்பிய அறைக்குள். எஞ்சின் எரிந்தால் அதன் அதிர்வு உலோகச் சட்டத்தில் ஏறி, இருக்கைக்கும் அறைக் காற்றுக்கும் வந்து சேர்ந்துவிடும். எஞ்சினை அணைத்தாலும் நிம்மதி கிடையாது. எடையற்ற நிலையில் சூடான காற்று தானாக மேலெழாது. விசிறி நின்றுபோனால், தூங்குகிறவர் விடும் மூச்சே அவர் முகத்தைச் சுற்றித் தேங்கிவிடும். அதனால்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் விசிறிகள் இரவுபகலாக இரைகின்றன. காதடைப்பான் வைத்துக்கொண்டு தூங்குகிற வீரர்களும் உண்டு.

மார்ட்டின் ஷ்வைகர் 2000-இல் இலவசமாக வெளியிட்ட ‘ஆர்பிட்டர்’ என்ற விண்வெளி சிமுலேட்டர் இயற்பியலில் படு கறார். ஆனால் சத்தம் அதன் கூடவே வரவில்லை. டான் ஸ்டெஃப் உருவாக்கிய ‘ஆர்பிட்டர்சவுண்ட்’ என்ற இணைப்பைப் பொருத்திய பிறகுதான் எஞ்சின் முழங்கியது, வானொலிப் பேச்சு கேட்டது, பயனர் தம் சொந்தப் பாட்டையும் ஓடவிட முடிந்தது. தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். விமானி அறைக் காட்சியைப் பொறுத்தவரை, மௌனமாக ஓடிய ஆர்பிட்டரைவிட இரைந்து ஓடியதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. கேமராவை வெளியே நகர்த்திய பிறகும் அதே முழக்கம் தொடர்ந்தால், அது பிசகு.

இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனம் காட்டியது 2014-இல் வந்த ‘எலீட் டேஞ்சரஸ்’ விளையாட்டு. வெளியே கேட்கும் வெடிச்சத்தமெல்லாம் கப்பலின் கணினி விமானிக்காகச் செயற்கையாக எழுப்புவது என்று அது ஒரு சமாதானம் சொல்கிறது. சண்டையில் கண்ணாடிக் கூரை உடைந்து காற்று வெளியேறியதும் சத்தங்கள் மங்கிவிடும். தலைக்கவசத்துக்குள் விமானியின் மூச்சு மட்டும் தெளிவாகக் கேட்கும்.

காற்று மெலிந்த செவ்வாயிலும் ஒன்றும் கேட்காது என்பது அடுத்த நம்பிக்கை. அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் 1 சதவீதம்கூட இல்லை என்பது மெய். ஆனாலும் 2021-இல் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் மைக், 80 மீட்டர் தொலைவில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரின் ரீங்காரத்தைப் பிடித்துவிட்டது. அதன் அதிர்வெண் 84 ஹெர்ட்ஸ். அது கீழ்ச்சுருதி என்பதால் தப்பியது. கீச்சொலிகளை அங்குள்ள கரியமில வாயு வெகு சீக்கிரம் விழுங்கிவிடும். ஒலியின் வேகமும் விநாடிக்குச் சுமார் 240 மீட்டர்தான். ஆக, செவ்வாய்க் காட்சிக்கு ஒலி சேர்ப்பவர் ஒலியளவைக் குறைத்தால் மட்டும் போதாது, மேல் சுருதிகளையும் வெட்ட வேண்டும்.

நாசா வெளியிடும் ‘விண்வெளி ஒலி’ எல்லாம் மைக் வைத்துப் பதிந்தது என்று நம்பி, அவற்றை அப்படியே பின்னணியில் ஒட்டுவோரும் இருக்கிறார்கள். பெர்சியஸ் விண்மீன்திரள் கொத்தின் வெப்ப வாயுவில் அழுத்த அலைகள் பரவுவது மெய்தான். ஆனால் ஓர் அலை கடந்துபோகவே ஏறக்குறைய 1 கோடி ஆண்டுகள் ஆகும். 2022-இல் உலகம் கேட்டது, அதை 57, 58 ஆக்டேவ் மேலே தூக்கிய வடிவம். வாயேஜர்-1 விண்கலம் அனுப்பிய ‘ஒலி’ வேறு வகை. அதன் அதிர்வெண் நம் செவிக்கு எட்டக்கூடியதே என்றாலும், அது பிளாஸ்மாவின் மின் அலைவு. ஒலிபெருக்கியில் கொடுத்த பிறகுதான் ஒலியானது.

அப்படியானால் இசை? எலீட் டேஞ்சரஸின் முன்னோடியான பழைய ‘எலீட்’ விளையாட்டின் கமடோர் 64 கணினிப் பதிப்பில், கப்பல் தானாக நிலையத்தில் இணையும்போது ‘புளூ டான்யூப்’ வால்ட்ஸ் இசை ஒலிக்கும். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்துக்கு அது ஒரு வணக்கம், அறிவியல் என்று அது சொல்லிக்கொள்ளவில்லை. டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனின் கதை வேறு. 2017-இல் டொராண்டோ ஆய்வாளர்கள் அதன் 7 கோள்களின் சிமுலேஷனுக்கு ஒலி கொடுத்தார்கள். ஒரு கோள் ஒரு சுற்றை முடித்தால் ஒரு சுரம். பக்கத்துக் கோளை முந்தினால் ஒரு தாளத் தட்டு. உள்கோள் சுற்ற ஒன்றரை நாள், வெளிக்கோளுக்குக் கிட்டத்தட்ட 19 நாள். அடுத்தடுத்த கோள்களின் சுற்றுக்காலங்கள் 8:5, 5:3, 3:2, 4:3 போன்ற எளிய விகிதங்களில் அமைந்திருப்பதால், வேகத்தைக் கூட்டி ஓட்டியதும் சுரங்கள் தாமாகவே இசைந்து ஒலித்தன.