கேமரன் மலையின் குளுமை

பள்ளி விடுமுறையில் பல குடும்பங்கள் சிறு பிள்ளைகளுடன் கேமரன் மலைக்குச் செல்கின்றன. தாப்பாவிலிருந்து மேலேறும் சாலையில் வளைவுகள் மிகுதி. பிள்ளைகளுக்குத் தலைசுற்றல் வரக்கூடும். ஆகவே, இஸ்கண்டார் அருவியருகே சற்று இளைப்பாறிச் செல்வது நன்று.

பகாங் மாநிலத்தின் தானா ராத்தா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். அதனால், கோலாலம்பூரில் வியர்த்த பிள்ளைக்கு அங்கே கம்பளிச் சட்டை தேவைப்படும்.

மலையின் குளுமைக்குக் காடுகளும் துணைபுரிகின்றன. பிரிஞ்சாங் மலையின் பாசிக்காடு மேகத்தின் ஈரத்தை உறிஞ்சி ஓடைகளுக்கு வழங்குகிறது. காடழிக்கப்பட்ட சரிவுகளிலோ கனமழையின்போது மண்சரிவு நேர்கிறது. செடியைப் பறிக்காமல், பாசியை மிதிக்காமல் நடக்கப் பழகும் பிள்ளைகளே நாளை அக்காட்டைக் காப்பர்.