இரத்தக் கொழுப்பும் சர்க்கரை நோயும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் நம் பெரியோர். அச்செல்வத்தைக் காக்க அறிவும் வேண்டும் என்பதைச் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் உணர்ந்தேன்.

வடக்குத்தில் வசிக்கும் நாங்கள் சுரங்கத் தொழிலாளி குடும்பத்தினர். என் தந்தை மூன்று ஷிப்டிலும் மாறி மாறி வேலை செய்பவர். இரவு ஷிப்டு முடிந்து வந்ததும் வயிறார உண்டு உறங்குவார். ஒருமுறை அவருடைய இரத்தப் பரிசோதனைச் சீட்டில் மொத்தக் கொலஸ்டிரால் 186 என்றிருந்தது. "200-க்குக் கீழேதானே!" என்று மகிழ்ந்து சீட்டை அலமாரியில் வைத்துவிட்டோம். அதே சீட்டில் டிரைகிளிசரைடு 290, எச்.டி.எல். 31 என்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. ஆறு மாதத்தில் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அந்தச் சீட்டைப் படிக்க நான் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

கொழுப்பின் வகைகள்

கொழுப்பு நீரில் கரையாது. ஆகவே அது புரதத்தோடு சேர்ந்து சிறுசிறு உருண்டைகளாக இரத்தத்தில் செல்கிறது. எல்.டி.எல். என்பது கொலஸ்டிராலை உடலெங்கும் சுமந்து செல்லும். மிகுந்தால் தமனிச் சுவரில் படியும். எச்.டி.எல். என்பது மிஞ்சிய கொலஸ்டிராலைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவரும். டிரைகிளிசரைடோ, அனல் மின் நிலையத்தில் குவித்து வைத்த பழுப்பு நிலக்கரியைப் போல, உடலின் சேமிப்பு எரிபொருள். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் இது 150-க்குள் இருக்க வேண்டும். எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும், பெண்களுக்கு 50-க்கும் குறையக் கூடாது.

தொந்தி தரும் தொல்லை

கணையத்தில் சுரக்கும் இன்சுலின், சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. சேமித்த கொழுப்பு அளவுக்கு மீறி வெளியேறாமலும் தடுக்கிறது. வயிற்றுக்குள் கொழுப்பு மிகுந்தால் இன்சுலினின் கட்டளைக்கு உடல் சரியாகப் பணிவதில்லை. உடனே கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குப் பெருகி வருகின்றன. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாக்கி இரத்தத்தில் விடுகிறது. அந்த உருண்டைகள் எச்.டி.எல்.லுடன் பண்டமாற்றுச் செய்கின்றன. அதனால் எச்.டி.எல். சிறுத்து விரைவில் அழிகிறது. எல்.டி.எல்.லும் சிறுத்து, அடர்ந்து, தமனிச் சுவருக்குள் எளிதில் நுழைகிறது. இவ்வாறு மொத்த எண் உயராமலேயே இதயத்துக்கு ஆபத்து உயர்கிறது.

நம் மக்களின் நிலை

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2008 முதல் 2010 வரை தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் ஆய்வு செய்தன. 2014-இல் வெளியான முடிவின்படி, 100 பேரில் 79 பேருக்கு இரத்தக் கொழுப்பில் ஏதேனும் ஒரு குறை இருந்தது. எச்.டி.எல். குறைந்தவர் 72 பேர். டிரைகிளிசரைடு மிகுந்தவர் ஏறத்தாழ 30 பேர். மொத்தக் கொலஸ்டிரால் மிகுந்தவரோ 14 பேர் மட்டுமே! மொத்த எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவது இதனால்தான்.

தப்பும் வழி

எண்ணெயை மட்டும் குறைத்தால் போதாது. மிகுதியாக உண்ணும் சோற்றையும் சர்க்கரையையும்கூடக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைக் கொண்டு சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியாயிற்று. வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் மூன்று ஆண்டுகளில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி நாள்தோறும் நடந்தவர்களில் 39 பேருக்கே வந்தது.

எங்கள் வீட்டிலும் இப்போது சோறு குறைந்து, கீரையும் பயறும் கூடியிருக்கின்றன. மாலையில் நானும் அப்பாவுடன் நடக்கிறேன். மருத்துவர் தந்த மாத்திரையையும் அவர் தவறாமல் உட்கொள்கிறார். டிரைகிளிசரைடு 180-க்கு இறங்கிவிட்டது. எச்.டி.எல். இன்னும் 34-தான், அது மெல்லத்தான் ஏறுமாம்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு சீட்டு இருக்கக்கூடும். இன்றே எடுத்து எல்லா வரிகளையும் படியுங்கள். ஒரு நாடாவால் பெற்றோரின் இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டிவிட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் இழந்த ஆறு மாதத்தை நீங்கள் இழக்க வேண்டாம்.

– பத்தாம் வகுப்பு மாணவி